‘புதன்கிழமை வாங்க’: வாத்தியமும் ஆம்ப்ளிஃபையரும் பழுதுக்குப் போனால் ஏன் நாளாகிறது

“அண்ணே, எப்ப வரட்டும்?”

“புதன்கிழமை வாங்க தம்பி.”

புதன்கிழமை போனால், “இன்னும் காயல. ரெண்டு நாள் விட்டு வாங்க.” வாத்தியக் கடை வாசலிலும் ஆம்ப்ளிஃபையர் ரிப்பேர் கடை வாசலிலும் வருஷம் முழுக்கக் கேட்கும் பேச்சு இது. இந்தக் ‘காயல’ என்ற சொல்லைப் பலர் சாக்காகவே எடுத்துக்கொள்கிறார்கள். மிருதங்கத் தோலின் நடுவில் பூசும் கறுப்பு அடையான ‘சாதம்’, வீணையின் மெழுகு, ஸ்பீக்கரின் பசை, டிரான்ஸ்ஃபார்மரின் வார்னிஷ் என எதை எடுத்தாலும் பெரும்பாலும் அது உண்மைதான்.

தாமதத்தில் இரண்டு ரகம் உண்டு. ஒன்று, பொருள் தனக்கென்று கேட்கும் நேரம். மற்றது, வரிசையும் உதிரிப்பாகமும் விழுங்கும் நேரம். முதல் ரகத்தில் அவசரப்படுத்தினால் வேலை கெடும், அதே பழுதோடு அடுத்த மாதம் அதே வாசலில் நிற்க வேண்டிவரும். இரண்டாவதைக் கொடுக்கும் நாளிலேயே பாதியாகக் குறைக்க முடியும். இதில் எது எதென்று தெரியாமல்தான் நாம் தவறான இடத்தில் நெருக்குகிறோம், நெருக்க வேண்டிய இடத்தில் பேசாமல் இருந்துவிடுகிறோம்.

மிருதங்கத்திலிருந்து தொடங்கலாம். காத்திருப்பின் நியாயம் இதில்போல் வேறெதிலும் கண்ணுக்குத் தெரியாது.

கட்டை பலா மரம். தக்கு (தாழ்ந்த) சுருதிக்கு 24 அங்குலம், ஹெச்சு (உயர்ந்த) சுருதிக்கு 22 அங்குலம் என்பது பொதுவான அளவு. கட்டைக்குப் பழுது வருவது அபூர்வம், விரிசல் விட்டால்தான் உண்டு. பழுதெல்லாம் தோலில். வலந்தலையில், அதாவது வலக்கை வாசிக்கும் முகத்தில், நடுவில் வட்டமாக வெட்டிய வெட்டுத்தட்டு மேலே இருக்கும். அதன் கீழே சாதம் ஏறும் கொட்டுத்தட்டு. இந்தத் தோல்களை ஓரத்தில் முறுக்கிப் பின்னிய எருமைத்தோல் வளையம்தான் மூட்டு. மூட்டில் 16 கண்கள், அவற்றின் வழியாக வலந்தலைக்கும் இடக்கை முகமான தொப்பிக்கும் இடையே இழுத்துக் கட்டும் தோல் வார் ஓடுகிறது. பசு, ஆடு, எருமை என மூன்று தோலும் சேர்ந்தால்தான் ஒரு மிருதங்கம்.

புது மூட்டுப் போடும்போது தோல் ஈரமாகவே கட்டையில் ஏறுகிறது. ஈரத்தோல் இழுத்த இழுப்புக்கு வரும், காயும்போது தானாகவும் இறுகும். ஒரே மூச்சில் முழு இறுக்கம் கொடுத்தால் ஒரு பக்கம் அதிகமாக இழுபட்டு 16 கண்ணும் 16 சுருதி பேசும். அதனால் வாரைக் கோத்து, ஒரு சுற்று இழுத்து, காயவிட்டு, மறுபடி ஒரு சுற்று இழுக்கிறார்கள். தோல் தன் இடத்தில் உட்கார வேண்டும். இதற்குக் குறுக்குவழி கிடையாது.

அதன்பின் சாதம். கிட்டக்கல்லை இடித்துச் சலித்த கரும்பொடியை, குழைய வேகவைத்த சோற்றோடு சேர்த்துக் கையால் பிசைந்து மாவு போலாக்குவார்கள். கொட்டுத்தட்டின் நடுப்பகுதியை லேசாகச் சுரண்டிக் கரகரப்பாக்கி, முதலில் வெறும் சோற்றுப் பசை. அதன்மேல் கறுப்பு மாவைக் கொஞ்சமாகக் கிள்ளி, கட்டைவிரலால் மெல்லிசாக இழுக்கிறார்கள். அடுத்து, உள்ளங்கையில் அடங்கும் வழவழப்பான கல்லால் தேய்ப்பு. தேய்க்கத் தேய்க்க ஈரம் வெளியேறி, மங்கலாக இருந்த பரப்பு மினுங்கத் தொடங்கும். அந்தப் பூச்சு காய்ந்தபிறகே அடுத்தது. பூச்சு ஏற ஏற வட்டம் சிறுக்கும், நடுவில் கனம் கூடும், ஓரம் மெலியும்.

கல்லால் தேய்ப்பது பளபளப்புக்காக மட்டும் என்று நினைக்க வேண்டாம். காய்ந்த சாதத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மயிரிழை போன்ற வெடிப்புகள் வலைபோலப் பரவியிருக்கும். அந்த வெடிப்பு இருப்பதால்தான் கெட்டியான அந்த அடை தோலோடு சேர்ந்து அசைகிறது. வெடிப்பில்லாத கட்டியாக இருந்தால் தோலின் துடிப்பை அமுக்கிவிடும். உள்பூச்சு ஈரமாக இருக்கையிலேயே மேல்பூச்சை ஏற்றினால் என்ன ஆகும்? மேலே காய்ந்து, உள்ளே ஈரம் தங்கும். வாசித்த சில நாட்களில் சாதம் பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்து விழும், அல்லது ஒரு மூலை தூக்கிக்கொண்டு ‘ஜிர்’ரென்று இரையும். அவசரப்பட்டு வாங்கி வந்த மிருதங்கத்தில் இந்த இரைச்சல் கேட்டால் காரணத்தைத் தேடி அலைய வேண்டாம்.

இங்கேதான் காலண்டர் நமக்கு எதிராக நிற்கிறது. சென்னையில் மார்கழிக் கச்சேரிகளுக்கு எல்லோரும் வாத்தியத்தைச் சீராக்குவது ஐப்பசி, கார்த்திகையில். வடகிழக்குப் பருவமழையும் அதே மாதங்களில்தான். காற்றில் ஈரம் நிறைந்திருக்கும்போது தோல் இளகும், சாதம் காயாது. சித்திரையில் ஒரு பொழுதில் காயும் பூச்சு, அடைமழையில் மறுநாளும் கையில் ஒட்டும். வரிசை நீளமாக இருக்கும் நேரமும் வேலை மெதுவாக நடக்கும் நேரமும் ஒன்றாகிவிடுகின்றன. மார்கழிக்கு வேண்டுமென்றால் ஆவணி, புரட்டாசியிலேயே மூட்டு வேலையைக் கொடுத்துவிடுங்கள். கார்த்திகையில் சில்லறைத் திருத்தம் மட்டும் மிஞ்சட்டும்.

வார் தொய்ந்திருந்தால் அது தனி வேலை, பெரும்பாலும் அன்றே முடியும். தொப்பியின் ரவைப் பசையை நாமே பூசுகிறோம், நாமே எடுக்கிறோம். எடுக்காமல் காயவிட்டுத் தோலைக் கெடுத்துக்கொண்டு பழுதுக்குக் கொண்டுவருவது தவிர்க்கக்கூடிய செலவு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மிருதங்க வேலையில் பாதி காதில் இருக்கிறது. மிருதங்க மேதை பாலக்காடு மணி ஐயரின் நாதத்துக்குப் பின்னால் மிருதங்கம் செய்த தஞ்சாவூர் பர்லாந்துவின் கை இருந்ததை அறிந்தவர்கள் அறிவார்கள். வாசிப்பவர் வேண்டும் நாதத்தைச் சொல்ல, செய்பவர் ஒரு பூச்சைச் சுரண்டி, ஒரு பூச்சை ஏற்றி, மறுபடி தட்டச் சொல்லிக் கேட்பார். தோலை ஊறவைத்து, நாற்றத்தோடும் ஈரத்தோடும் புழங்கி இந்த வேலையைச் செய்பவர்களுக்கு மேடையில் பெயர் கிடைப்பதில்லை. கூலியிலாவது பேரம் பேசாமல் இருப்போம். சாதம் போடும் நாளில் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்ட முடியுமென்றால் அதைவிட நல்லது இல்லை. ‘ஆயிடுச்சா’ என்று பத்து முறை போன் செய்வதைவிட அந்த ஒரு மணி நேரம் அதிகம் உதவும்.

வீணைக்கு வருவோம். சுரத்துக்காகத் தந்தியை அழுத்தும் குறுக்குக் கம்பிகளான மெட்டுகள் 24 என்று நிலையாக அமைந்தது தஞ்சையை ஆண்ட ரகுநாத நாயக்கர் காலத்தில் என்பது மரபு. ஆனால் அந்த 24 மெட்டும் நிற்பது மெழுகின்மேல். தேன்மெழுகோடு கரித்தூளும் குங்கிலியமும் கலந்த கறுப்பு மெழுகு அது. தேன்மெழுகு 62 டிகிரி செல்சியஸ் வாக்கில் உருகும், அதற்கு வெகு முன்பே இளகும். சித்திரை வெயிலில் கதவடைத்து நிறுத்திய காருக்குள் வீணையை ஒரு மணி நேரம் விட்டால் மெட்டுகள் சாய்ந்துவிடும். கூடத்தில் ஏசி காற்றுக்கு நேராக வருஷக்கணக்கில் வைத்தால் மெழுகு காய்ந்து, வெடித்து, துண்டாகப் பெயரும்.

மேளம் கட்டுவது என்றால் பழைய மெழுகை எடுத்துப் புது மெழுகு வைத்து, ஒவ்வொரு மெட்டையும் காதால் சுருதி பார்த்து அமர்த்துவது. முதல் தந்தியான சாரணி வெறுமனே ஷட்ஜம் (ஸ) பேசினால் 12ஆம் மெட்டில் மேல் ஷட்ஜம், 24இல் அதற்கும் மேல் ஷட்ஜம். இடைப்பட்டவை எல்லாம் இவற்றுக்குள் அடங்க வேண்டும். ஒரே மெட்டு நான்கு தந்திக்கும் சுரம் சொல்ல வேண்டியிருக்கிறது. சாரணியில் சுத்தமாக நிற்கும் இடம் நான்காம் தந்தியான அனுமந்தரத்தில் மயிரிழை விலகும். மெட்டைத் துளி சாய்த்து இரண்டுக்கும் பொதுவான இடம் கண்டுபிடிக்கிறார்கள். காது களைத்துப்போகும் வேலை இது. ஒரு மூச்சில் 24 மெட்டையும் முடித்துத் தா என்று கேட்பது நம் வீணைக்கு நாமே செய்யும் கெடுதல்.

வரிசை முக்கியம், இதில் தவறுவோர் அதிகம். முதலில் தந்திகளைத் தாங்கும் குதிரையைப் பார்க்க வேண்டும். அதன் மேலுள்ள உலோகத் தகட்டில் தந்தி உழுத பள்ளம் இருந்தால் தேய்த்துச் சமப்படுத்த வேண்டும். அதன்பின் புதுத் தந்தி, ஒருநாளாவது இழுபட்டு நிலைக்க அவகாசம். மேளம் அதற்குப் பிறகு. முதலில் மேளம் கட்டிவிட்டு, ‘தந்தியும் பழசா இருக்கே, மாத்திடலாம்’ என்று தடிமன் வேறான தந்தியைப் போட்டால் அமர்த்திய சுரஸ்தானம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் நகர்ந்துவிடும். குதிரைத் தகட்டைப் பின்னால் தேய்த்தால் தந்தியின் உயரமே மாறும். வீணையைக் கொடுக்கும்போது “குதிரையும் பாருங்க, தந்தி மாத்துங்க, அப்புறம் மேளம்” என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் இரண்டாவது நடை மிச்சம். வழக்கமான தந்தித் தடிமன் தெரிந்தால் அதையும் எழுதிக் கொடுங்கள்.

பிருடை (தந்தி முறுக்கும் ஆணி) வழுக்குவது, லங்கர் (நுண்சுருதி சேர்க்கும் வளையம்) பிடிக்காதது போன்றவற்றுக்கு வீணையைக் கடையில் விட வேண்டியதே இல்லை, காத்திருந்து வாங்கி வரலாம்.

இனி ஆம்ப்ளிஃபையர். தோலும் மெழுகும் இல்லாத இடத்தில் எதற்கு நாள் கணக்கு என்று தோன்றும். இங்கே காத்திருப்புக்குக் காரணம் வேறு.

கோயில் திருவிழா மைக் செட் முதல் மேடையில் வைக்கும் கிதார் ஆம்ப் வரை, டிரான்சிஸ்டர் ஆம்ப்பில் மிகப் பொதுவான சாவு ஒன்றுதான்: அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட். ஆன் செய்ததும் ஃபியூஸ் போகும். இந்த இடத்தில் ஃபியூஸுக்குப் பதில் கம்பியைச் சுற்றிப் போடுவது நம் ஊரில் பரவலாக நடக்கும் பெருந்தவறு. 200 ரூபாய் சாமானோடு முடிய வேண்டிய பழுது டிரான்ஸ்ஃபார்மரையும் எரித்துவிடும். டிரான்ஸ்ஃபார்மர் எரிந்தால் பழைய சுற்றைப் பிரித்து, சுற்று எண்ணி, புதுச் செம்புக் கம்பி சுற்றி, வார்னிஷில் முக்கிக் காயவைக்க வேண்டும். வார்னிஷ் உள்வரை காயாமல் மின்சாரம் கொடுத்தால் கம்பிகள் அதிர்ந்து உரசி மறுபடி ஷார்ட். ‘காயல’ என்ற சொல் இங்கேயும் வந்துவிட்டது.

ஷார்ட்டான டிரான்சிஸ்டரை மட்டும் மாற்றித் தருபவரிடம் வேலை அரை மணியில் முடியும். ஆனால் அது தனியாகப் போவதில்லை. அதை ஓட்டும் டிரைவர் டிரான்சிஸ்டர், 0.22 அல்லது 0.33 ஓம் எமிட்டர் ரெசிஸ்டர், பயாஸ் (சும்மா இருக்கும்போதும் ஓடும் சிறு மின்னோட்டத்தின் அளவு) கொடுக்கும் சின்ன டிரான்சிஸ்டரோ டயோடோ கூடவே அடிவாங்கியிருக்கும். இவற்றில் ஒன்றை விட்டுவிட்டாலும் புது டிரான்சிஸ்டரும் ஆன் செய்த நொடியிலேயே போய்விடும். நல்ல மெக்கானிக் அந்த வரிசை முழுவதையும் ஒவ்வொன்றாகக் கழற்றி மீட்டரில் வைப்பார். நேரம் போவது அங்கே.

பிறகு உதிரிப்பாகம். 5200-1943 ஜோடி, 3055 போன்ற அவுட்புட் டிரான்சிஸ்டர்கள் எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும், எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சென்னை ரிட்சி தெருவில் கேட்கவே வேண்டாம். சிக்கல் அசலா போலியா என்பதில். போலியில் வெளிக்கூடும் எழுத்தும் அப்படியே இருக்கும், உள்ளே உட்கார்ந்திருக்கும் சில்லு கடுகளவு சிறுத்திருக்கும். வீட்டுச் சத்தத்தில் தாங்கும், திருவிழாவில் முழு வால்யூம் வைத்ததும் வெடிக்கும். நம்பகமான கடையிலிருந்து வரட்டும் என்று ஒருவர் மூன்று நாள் கேட்டால் தாராளமாகக் கொடுங்கள். “பாகம் வரணுமா, வேலை பாக்கியா?” என்று கேட்டு, “பாகம்தான்” என்றால் பாகத்தின் எண்ணைக் கேட்டு நீங்களே தேடித் தரவும் முடியும். நெருக்க வேண்டிய இடம் இதுதான்.

பாகம் போட்டபின் நேராக மெயினில் செருகக் கூடாது. 100 வாட் குண்டு பல்பை சீரீஸில் போட்டு, ஸ்பீக்கர் இணைக்காமல் ஆன் செய்ய வேண்டும். எல்இடி பல்ப் இதற்கு உதவாது, இழை உள்ள பழைய பல்ப்தான் வேண்டும். கெப்பாசிட்டர் நிரம்பும் கணத்தில் பல்ப் பளிச்சென்று எரிந்து, உடனே மங்கினால் நல்லது. பளிச்சென்றே நின்றால் உள்ளே இன்னும் ஷார்ட் இருக்கிறது. அந்த பல்ப் எரிந்து மின்சாரத்தைத் தன்மேல் வாங்கிக்கொள்வதால் புதுப் பாகம் பிழைக்கிறது. மங்கிய பிறகு ஸ்பீக்கர் முனையில் டிசி அளவு பார்ப்பார்கள். சில பத்து மில்லிவோல்ட்டுக்குள் இருக்க வேண்டும், அதற்கு மேல் போனால் ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச்சுருளான ‘காயில்’ சூடேறும்.

பயாஸ் திருத்தம் கடைசி. 0.22 ஓம் ரெசிஸ்டரில் 10 மில்லிவோல்ட் விழுந்தால் ஏறத்தாழ 45 மில்லி ஆம்பியர் ஓடுகிறது என்று பொருள். எவ்வளவு வேண்டும் என்பது ஆம்ப்புக்கு ஆம்ப் மாறும். குளிர்ந்த ஆம்ப்பில் வைத்த அளவு சூடானதும் ஏறும். அதனால் சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட் சிங்க் சூடாகும்வரை கால் மணியாவது ஓடவிட்டுத் திரும்ப அளக்க வேண்டும். அதற்கும் பிறகு 8 ஓம் வயர்வவுண்ட் ரெசிஸ்டரைச் சுமையாக வைத்து இரண்டு மணி நேரம் ஓட்டிப் பார்ப்பவரே முழு வேலை செய்தவர். கடையில் உங்கள் ஆம்ப் சும்மா ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்து ‘முடிஞ்சுதானே இருக்கு, கொடுங்க’ என்று தூக்கிக்கொண்டு வராதீர்கள்.

எல்லாவற்றிலும் கடினம் விட்டு விட்டு வரும் பழுது. வீட்டில் 40 நிமிஷம் கழித்துத்தான் சத்தம் கரகரக்கிறது என்றால் மெக்கானிக்கும் ஒவ்வொரு முறையும் அந்த 40 நிமிஷம் காத்திருக்க வேண்டும். சந்தேகப்படும் சால்டரிங்கைத் திரும்பச் சூடாக்கி வைப்பார், மறுபடி 40 நிமிஷம். பெரும்பாலும் குற்றவாளி கண்ணுக்குத் தெரியாத டிரை சால்டர்: கனமான பாகத்தின் கால் சூட்டில் விரிந்து, ஆறும்போது சுருங்கி, அதைச் சுற்றிய ஈயம் வளையமாக வெடித்திருக்கும். பிளாஸ்டிக் பேனாவால் போர்டைத் தட்டித் தேடுவார்கள், ஹேர் டிரையரால் ஒரு மூலையை மட்டும் சூடாக்குவார்கள். பழுது வரும்போது செல்போனில் அந்தச் சத்தத்தைப் பதிவுசெய்து கொண்டுபோங்கள். எத்தனை நிமிஷத்தில், எந்த வால்யூமில், எந்த இன்புட்டில், ஜெனரேட்டரிலா வீட்டு லைனிலா என்று சீட்டில் எழுதி ஆம்ப் மேல் ஒட்டுங்கள். அந்தச் சீட்டு இரண்டு நாள் வேலையை இரண்டு மணி நேரமாக்கும்.

ஸ்பீக்கர் கதை மறுபடி பசைக்கு வருகிறது. 8 ஓம் ஸ்பீக்கரை மல்டிமீட்டரில் வைத்தால் ஏறத்தாழ 6 ஓம் காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் ‘காயில்’ அறுந்துவிட்டது. காயிலும் கூம்புத் தாளான கோனும் மாற்றும்போது பழைய பசையைச் சுரண்டி, காந்த இடுக்கில் உள்ள இரும்புத் துகளை ஒட்டு டேப்பால் ஒற்றி எடுத்து, புதுக் காயிலை இறக்கி, அதற்கும் நடுக் கம்பத்துக்கும் இடையே மெல்லிய ஃபிலிம் துண்டுகளைச் சுற்றிலும் செருகுவார்கள். காயில் எந்தப் பக்கமும் சாயாமல் நடுவில் நிற்க அது முட்டு. பசை முழுதாக இறுக ஒரு நாள் விடுவது நல்லது. அதற்குமுன் ஃபிலிமை உருவினால் காயில் ஒரு நூல் சாய்ந்து, ஒவ்வொரு அதிர்விலும் காந்தத்தில் உரசும். கோனை இரு கைவிரலாலும் சமமாக மெல்ல அழுத்தினால் அந்த உரசல் விரலிலேயே தெரியும். ஸ்பீக்கரைத் திரும்ப வாங்கும்போது கடையிலேயே இதைச் செய்து பாருங்கள். உரசினால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கொடுக்கும்போது: பெயரும் தேதியும் எழுதிய சீட்டை வாத்தியத்தோடு கட்டுங்கள், வரிசை எண் இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள், உறை, அடாப்டர், ஒயர் போன்ற தளவாடங்களை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். ஆனால் பழுது ஒயரிலோ அடாப்டரிலோ இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தால் அதைக் கட்டாயம் கொண்டுபோங்கள். ‘சத்தம் சரியில்ல’ என்று மட்டும் சொல்லாதீர்கள், மிருதங்கத்தில் எந்தச் சொல் (தா, தீம் போன்ற அடி) விழும்போது, எந்த மெட்டில், எந்த வால்யூமில் என்று சொல்லுங்கள். ‘எப்ப கிடைக்கும்’ என்பதைவிட ‘எது முடிஞ்சா எடுத்துக்கலாம்’ என்று கேளுங்கள். காய வேண்டும், பாகம் வர வேண்டும், ஓட்டிப் பார்க்க வேண்டும், வரிசையில் முன்னால் நாலு பேர் என்று நாலில் ஒரு பதில் வரும். அதற்கேற்ப அடுத்த போனை எப்போது செய்வது என்று தெரிந்துவிடும்.

புது மூட்டுப் போட்ட மிருதங்கம் வீட்டுக்கு வந்தாலும் வேலை முடிந்துவிடவில்லை. முதல் சில நாட்கள் வாசிக்க வாசிக்கத் தோல் கொஞ்சம் இளகிக் கொடுக்கும், சுருதி இறங்கும். மூட்டில் கல்லாலும் கட்டையாலும் மேலிருந்து கீழாகத் தட்டி ஏற்றிக்கொண்டே வரலாம், ஓரளவுக்குமேல் தட்டினால் மூட்டு கீழே இறங்கிவிடும். அப்போது ஒருமுறை வார் பிடிக்கத் திரும்பக் கொண்டுபோக வேண்டும். அந்தப் பிடிப்புக்கும் ஒரு நாள் ஒதுக்கி, கச்சேரிக்கு இரண்டு வாரம் முன்பாவது வாத்தியம் கைக்கு வரும்படி கொடுங்கள். இடைப்பட்ட நாட்களில் தினமும் சிறிது நேரம் வாசியுங்கள், மழை நாளில் உறைக்குள்ளேயே போட்டு மூடி வைக்காமல் காற்றாட வையுங்கள்.